குளிர்நாட்டில் ஒரு கோடைக் கனி

கோடை பிறந்துவிட்டால் நம் ஊர்க் கடைவீதிகளில் கிர்ணிப்பழம் குவியல் குவியலாக வந்து இறங்குகிறது. முலாம்பழம் என்றும் இதனை அழைப்பர். தள்ளுவண்டியில் வைத்துக் கூவி விற்கப்படும் இக்கனியை நாம் பேரம் பேசி வாங்குகிறோம். சர்க்கரை சேர்த்துச் சாறாக்கிப் பருகுகிறோம். ரமலான் மாதம் கோடையில் அமைந்துவிட்டால், நோன்பு திறக்கும் வேளையில் பல வீடுகளில் இச்சாறு தவறாமல் இடம்பெறுகிறது. பருவம் முடிந்ததும் அதனை மறந்தும் விடுகிறோம். ஏனெனில், இக்கனிக்குத் தேவையான வெயிலை நாம் விலை கொடுத்து வாங்கவில்லை. அது நமக்குக் கேளாமலேயே கிடைக்கின்ற கொடை.

வெயில் அருகிய நாட்டில் இதே கனியை விளைவிக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்கு ஐரோப்பியரும் ஜப்பானியரும் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். அந்தத் தேடலின் வரலாறு வெறும் தோட்டக்கலை வரலாறு அன்று. ஒரு கனிக்கு வெப்பம் ஊட்டியவர் யார், அதனை உண்டவர் யார் என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கனியின் இயல்பு

கிர்ணி வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. விதை செம்மையாக முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மண் குளிர்ந்திருந்தால் விதை முளைக்காமல் அழுகிவிடும். பனி உறைந்தால் ஒரே இரவில் கொடி கருகிவிடும். உறைபனி இல்லாவிடினும், வெப்பம் 10 பாகையை நெருங்கும் இரவுகள் தொடர்ந்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

ஆனால், குளிர்காலம் கடுமையாக இருப்பது மட்டுமே இக்கனிக்குத் தடையாகிவிடாது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மத்திய ஆசியாவில் குளிர்காலத்தில் ஆறுகள் உறைகின்றன. ஆயினும், உலகின் மிகச் சிறந்த கிர்ணிப்பழங்கள் அங்கே விளைகின்றன. 14-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பயணி இப்னு பதூதா, குவாரிஸ்ம் நாட்டின் பழத்தை வியந்து போற்றியிருக்கிறார். அதனைக் கீற்றுகளாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதி செய்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். பர்கானாப் பள்ளத்தாக்கில் 1483-ஆம் ஆண்டில் பிறந்த பாபர், இந்தியாவை வென்ற பின்னரும் தம் தாய்மண்ணின் கிர்ணியை மறக்கவில்லை. இங்கே நல்ல கிர்ணி இல்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் குறைபட்டுக்கொண்டார். தமக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பழத்தை அரிந்து உண்டபோது, ஊர் நினைவால் கண்ணீர் சிந்தியதாகவும் எழுதியிருக்கிறார். பின்னர் ஆக்ராவில் தம் தோட்டத்திலேயே அதனைப் பயிரிடச் செய்தார்.

உறைபனி கொட்டும் நாட்டில் விளையும் கனி, அத்தனை கடுமையான குளிர் இல்லாத இங்கிலாந்தில் ஏன் எளிதில் விளைவதில்லை? விடை கோடையில் இருக்கிறது. மத்திய ஆசியாவின் கோடை வறண்டது. வெயில் தீயாய்க் காயும். இங்கிலாந்தின் கோடையோ மென்மையானது; மேகமும் தூறலும் மிகுந்தது. இக்கனி குளிர்காலத்தைக் காண்பதே இல்லை. அது வேண்டுவது நான்கு மாதம் நீடிக்கும் உண்மையான கோடை. அந்த நான்கு மாதத்தை மனிதன் தன் கையால் உண்டாக்கித் தர வேண்டும்.

சாணம் தந்த சூடு

இம்முயற்சி இரண்டாயிரம் ஆண்டுகள் பழைமையானது. உரோமப் பேரரசர் திபேரியஸ், வெள்ளரி இனத்தைச் சேர்ந்த ஒரு காயை நாள்தோறும் உண்ண விரும்பினார் என்று பிளினி என்னும் அறிஞர் எழுதியிருக்கிறார். அது கிர்ணியின் நீண்ட வகையாக இருக்கலாம் என்பது இக்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளில் அக்கொடியை வளர்த்தனர். பகலில் வெயிலுக்கு உருட்டிச் சென்றனர். குளிர் மிகுந்த நாள்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகள் பொருத்திய மூடியின் கீழ் வைத்துக் காத்தனர். இன்றைய பசுமைக்குடிலின் மூதாதை என்று இதனைக் கூறலாம்.

அடுத்து வந்தது எருச்சூடு. குதிரைச் சாணத்தை வைக்கோலுடன் கலந்து குவித்தால் உள்ளே சூடு பிறக்கும் என்பது உழவர் அறிந்த செய்தி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை மக்கச் செய்யும்போது வெளிப்படும் வெப்பம் அது. புதுச்சாணத்தின் முதற்சூடு செடியைக் கொன்றுவிடும். அதிலிருந்து எழும் காரநெடியும் நஞ்சாகும். ஆகவே, குவியலைப் பலமுறை புரட்டிப் போட்டு, ஒன்றிரண்டு வாரம் ஆறவிடுவர். பிறகு, இடுப்பளவு உயரத்தில் பாத்தியாக அடுக்கி, மேலே ஒரு சாண் அளவு நல்ல மண்ணைப் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடுவர். ஒரு குச்சியைக் குவியலுக்குள் செருகி வைத்து, சிறிது நேரம் கழித்து உருவிக் கையால் தொட்டுப் பார்ப்பர். கை பொறுக்கும் சூடாக இருந்தால் செடி நடலாம்; சுட்டால் பொறுத்திருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் தோட்டக்காரரின் உள்ளங்கையே வெப்பமானி! உள்ளே சூடு தணியத் தணிய, பாத்தியைச் சுற்றிலும் புதுச்சாணத்தை அணைத்துச் சூட்டை மீட்பர்.

பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயிக்காக வெர்சாய் அரண்மனைக் காய்கறித் தோட்டத்தை அமைத்த லா கந்தினி, இக்கலையில் வல்லவர். அவருடைய நூல் 1693-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, கிர்ணி வளர்ப்பைப் பற்றிய தனிப்பகுதியும் அதில் இடம்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். நகரத்துக் குதிரை லாயங்களின் சாணத்தை அள்ளி வந்து பாத்தி அமைத்து, ஒவ்வொரு செடியின் மீதும் மணி வடிவான கண்ணாடி மூடியைக் கவிழ்த்து வைத்தனர். நகரம் கழித்த பொருளையே கனியாக்கி நகரத்துக்கே விற்றனர். கழிவு என்று நாம் ஒதுக்கும் பொருளில் எத்தனை ஆற்றல் மறைந்திருக்கிறது, பார்த்தீர்களா?

கண்ணாடியும் நிலக்கரியும்

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு நெடுங்காலம் வரி விதிக்கப்பட்டிருந்தது. 1845-ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் கண்ணாடி வீடுகள் பெருகின. கிர்ணிக்கென்றே தனி வீடு கட்டுவது பெருமைக்குரிய வழக்கமாயிற்று. நிலக்கரி எரியும் கொதிகலனிலிருந்து சுடுநீர் இரும்புக் குழாய்களின் வழியே ஓடி, இரவும் பகலும் அவ்வீட்டைச் சூடாக வைத்திருந்தது.

நடு இரவில் எழுந்து அக்கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் யார்? தோட்டச் சுவரை ஒட்டிய சிறு குடியிருப்பில் தங்கிப் பணியாற்றிய இளைஞர்களே! நெருப்பு அணைந்தால் பல மாத உழைப்பு ஓர் இரவில் பாழாகும். ஆகவே, உறைபனி கொட்டும் இரவுகளில் அவர்கள் விழித்திருந்தனர். கனி பழுத்ததும் அது மாளிகையின் விருந்து மேசைக்குச் சென்றது. வெப்பம் ஊட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டன. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில் ஹெலிகன் என்னும் பழைய தோட்டம் இருக்கிறது. அதில் கிர்ணி முற்றம் என்றே பெயர் பெற்ற ஒரு பகுதி உண்டு. அங்கிருந்த தொழிலாளர் கழிவறையின் சுவரில் தோட்டக்காரர்கள் தங்கள் பெயர்களைப் பென்சிலால் எழுதி, 1914 ஆகஸ்டு என்று குறித்திருக்கின்றனர். முதல் உலகப்போரில் பிரிட்டன் இறங்கிய மாதம் அது. போருக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. பார்ப்பார் இன்றித் தோட்டம் புதர் மண்டிப்போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அப்புதர்களை அகற்றியவர்கள் அப்பெயர்களைக் கண்டெடுத்தனர். இன்று அத்தோட்டம் மீண்டும் செழித்திருக்கிறது. கனியை உண்ட பிரபுக்களின் ஓவியங்களைக் காட்டிலும், சுவரிலுள்ள அந்தப் பெயர்களே பார்வையாளரை நின்று நோக்கச் செய்கின்றன.

குடிலுக்குள் வளர்க்கும் முறை

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கொதிகலனும் இல்லை; இரவுக் காவலும் இல்லை. குளிரைத் தாங்கும் இரகங்களும் மலிவான பாலித்தீன் விரிப்பும் வந்துவிட்டபடியால், சிறு வீட்டுத் தோட்டம் உடையவரும் இக்கனியை விளைவிக்க முடிகிறது. பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் அம்முறையைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

ஏப்ரல் மாத நடுவில் விதையை வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் ஊன்ற வேண்டும். தொட்டிக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். விதையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி ஊன்றுவது வழக்கம். அது அழுகுவதை இது குறைக்கும். முளைத்தவற்றில் வலிய நாற்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். மே மாதக் கடைசியில், இரவுக் குளிர் தணிந்த பிறகு, பசுமைக்குடிலில் நடலாம். மண்ணைச் சிறு மேடாக்கி அதன் உச்சியில் நட வேண்டும். தண்டின் அடிப்பகுதியில் நீர் தேங்கினால் அழுகல் நோய் தாக்கும்.

குழாயிலிருந்து நேரே வரும் சில்லென்ற நீரை ஊற்றக் கூடாது. வேர் குளிர்ந்தால் கொடி துவண்டுவிடும். ஒரு வாளி நீரைக் குடிலுக்குள்ளேயே வைத்து, அது இதமான பின் ஊற்றுவது நல்லது. கொடியைக் கயிற்றிலோ கம்பியிலோ நிமிர்த்திக் கட்டி மேலே ஏற்ற வேண்டும்.

இனி வருவது முக்கியமான கட்டம். கிர்ணியில் ஆண்பூ முதலில் மலரும். பெண்பூ பிறகு பக்கக்கிளைகளில் தோன்றும். பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு போன்ற சிறு பிஞ்சு இருப்பதைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். மூடிய குடிலுக்குள் தேனீ வருவதில்லை. ஆகவே, ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, அதன் மகரந்தம் பெண்பூவின் நடுவில் படுமாறு மெல்ல ஒற்ற வேண்டும். வெயில் ஏறிய முற்பகல் வேளை இதற்கு ஏற்றது. கூடியவரை நான்கைந்து பூக்களுக்கு ஒரே நாளில் இதனைச் செய்ய வேண்டும். ஒரு பிஞ்சு முந்திக்கொண்டால், கொடியின் சத்து முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மற்றவை மஞ்சளித்து உதிரும்.

காய் பிடித்ததும் கிளைக்கு ஒன்று வீதம், கொடிக்கு நான்கு காய்களை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சியவற்றை நீக்க வேண்டும். காய்க்கு அப்பால் இரண்டு இலை விட்டுக் கிளையின் நுனியைக் கிள்ள வேண்டும். பிஞ்சுகளைக் கிள்ளி எறிய மனம் வராதுதான்! ஆனால், குறைந்த வெயிலில் இலைகள் ஆக்கும் சர்க்கரைக்கு ஓர் அளவு உண்டு. அதனைப் பத்துக் காய்களுக்குப் பங்கிட்டால் பத்தும் சப்பென்றே இருக்கும். காய் பெருத்து வருகையில் வாரம் ஒருமுறை பொட்டாசியம் மிகுந்த உரத்தை நீரில் கரைத்து ஊற்றலாம். காய் கனத்ததும் வலைப்பை கட்டித் தாங்க வேண்டும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் குடிலின் சாளரத்தைத் திறந்துவிட வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் இலைகளில் சாம்பல் நோய் படியும். காற்று மிகவும் வறண்டால் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும்.

திறந்த வெளியில் வளர்க்கும் முறை

குடில் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தெற்கு நோக்கிய சுவரின் அருகே, காற்று வீசாத, வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவதற்குச் சில வாரம் முன்பே கறுப்புப் பாலித்தீன் விரிப்பால் மண்ணை மூடி வைத்தால் அது வெயிலை உறிஞ்சி வெதுவெதுப்பாகும். ஜூன் தொடக்கத்தில் அவ்விரிப்பில் துளையிட்டு நாற்றை நட்டு, மேலே கண்ணாடிச் சட்டத்தாலோ வளைவான பாலித்தீன் கூடாரத்தாலோ மூட வேண்டும்.

இங்கே கொடி மேலே ஏறாது, தரையில் படரும். ஐந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளி, வலிய நான்கு பக்கக்கிளைகளை மட்டும் வைத்து, நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகப் படரவிட வேண்டும். பூ மலரும் நாள்களில் பகலில் மூடியைத் திறந்து வைத்தால் தேனீக்களே தம் பணியைச் செய்துவிடும். மாலையில் மறவாமல் மூட வேண்டும். காய் ஈரமண்ணில் படாதவாறு அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். பகலில் சூடேறிய ஓடு இரவில் காய்க்கு அச்சூட்டைச் சிறிது தரவும் செய்யும். குளிர்ச்சியான ஆண்டுகளில், கொடிக்கு ஒன்றிரண்டு காய்களோடு நிறைவடைவதே அறிவுடைமை.

இரகத் தேர்விலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்னசோட்டா மிட்ஜெட் என்னும் குட்டை இரகம் விரைவில் பழுப்பது. பிளெனிம் மாளிகைத் தோட்டத்தில் தோன்றிய பிளெனிம் ஆரஞ்சு, கண்ணாடி வீட்டுக்கு ஏற்ற பழைய இரகம். ஸ்வீட்ஹார்ட் என்னும் வீரிய ஒட்டு இரகம் இங்கிலாந்தின் கோடையைப் பொறுத்துக்கொள்வது.

காய் பழுக்கும் கட்டத்தில் நீரைக் குறைக்க வேண்டும். மிகுந்த நீர் பழத்தை வெடிக்கச் செய்யும். இனிப்பையும் நீர்த்துப்போகச் செய்யும். காம்பைச் சுற்றி வட்டமாக வெடிப்பு விழுவதும், அடிப்பகுதி மெத்தென்று இளகுவதும், குடிலைத் திறந்தவுடன் மணம் எழுவதும் பழுத்ததன் அடையாளங்கள். அவசரப்பட்டுப் பறித்தல் ஆகாது. வாழையைப் போலப் பறித்த பின் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் தன்மை கிர்ணிக்கு இல்லை. பறித்த பின் அது மிருதுவாகும். ஆனால், இனிப்பு கூடாது. கொடியில் இருக்கும்போது பெற்றது எதுவோ, அதுவே அதன் முழு இனிப்பு.

நிலக்கரி ஊரின் கனி

இங்கிலாந்துக் கண்ணாடி வீடுகளின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. அத்தோட்டங்களில் வளர்ந்த ஏர்ல்ஸ் ஃபேவரிட் என்னும் இரகம் 1925-ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்றது. ஷிசுவோகா மாநிலத்தார் அதனைக் கண்ணாடி வீடுகளில் வளர்த்து, கொடிக்கு ஒரே ஒரு காயை மட்டும் விட்டுப் பழுக்க வைக்கும் முறையைக் கைக்கொண்டனர். மற்றப் பிஞ்சுகளின் பங்கையும் அந்த ஒரு கனியே பெறுகிறது.

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவு பனிபொழியும் குளிர்ப்பகுதி. அங்கே யூபாரி என்னும் ஊர் நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்தது. 1960-ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அதே காலத்தில் அவ்வூர் உழவர் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஏர்ல்ஸ் ஃபேவரிட் இரகத்தை வேறோர் இரகத்துடன் ஒட்டுச் சேர்த்து, செம்மஞ்சள் சதையுடைய யூபாரி கிங் என்னும் புதிய இரகத்தை உருவாக்கினர். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணும், பகலுக்கும் இரவுக்கும் இடையேயுள்ள மிகுந்த வெப்ப வேறுபாடும் அதற்கு இனிப்பூட்டின. பனி உருகு முன்பே பாலித்தீன் குடில்களைச் சூடேற்றி நாற்றுகளை வளர்க்கலாயினர்.

சுரங்கங்களின் கதை வேறு விதமாக முடிந்தது. 1981-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு சுரங்க விபத்தில் 93 பேர் மாண்டனர். 1990-ஆம் ஆண்டில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. மக்கள் வெளியேறினர். 2007-ஆம் ஆண்டில் நகராட்சியே நொடித்துப்போனதாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே வாழ்வோர் ஏழாயிரத்துக்கும் குறைவு. அவ்வூரின் பெயரை நாட்டார் நாவில் நிலைநிறுத்தியிருப்பது கிர்ணி ஒன்றே! 2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் இரு பழங்கள் 50 இலட்சம் யென்னுக்கு விலைபோயின. அது விளம்பரத்துக்காகத் தரப்பட்ட விலை என்பது உண்மையே. ஆயினும், அதற்குப் பின்னே ஓர் ஊரின் பிழைப்பு இருக்கிறது. அங்கேயும் உழவர்கள் முதுமை எய்திவிட்டனர். குடிலில் குனிந்து வேலை செய்ய இளைஞர் போதவில்லை என்பதே இன்றைய கவலை.

எண்ணிப் பார்ப்போம்

குதிரைச் சாணமும் நிலக்கரியும் கண்ணாடியும் பாலித்தீனும் மாறி மாறி வந்திருக்கின்றன. மாறாத ஒன்று, மாலையில் மூடியைப் போட்டுவிட்டுக் காலையில் திறக்க நினைவோடு எழும் ஒருவரின் அக்கறை. அது இல்லையேல் எந்தக் குடிலும் பயன் தராது.

அடுத்த கோடையில் தள்ளுவண்டிக்காரரிடம் கிர்ணிப்பழத்தை விலை பேசும்போது, பத்து ரூபாயைக் குறைக்கச் சொல்லி அவரை வெயிலில் நிறுத்தி வைக்கு முன் சற்றே எண்ணிப் பார்ப்போமாக! நம் நாட்டில் சூரியன் வெப்பத்தை இலவசமாகத் தந்துவிடுகிறது. ஆனால், அவ்வெயிலில் நின்று களை எடுத்தவரும், பறித்தவரும், சுமந்தவரும், நமக்காக வண்டியைத் தள்ளி வந்தவரும் இலவசமாக வரவில்லை. குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டில் நெருப்புக் காத்த இளைஞனின் பெயரை அவன் காலத்தார் கேட்கவில்லை. நம் தெருவில் பழம் விற்பவரின் பெயரையாவது நாம் கேட்டறிவோம். அவர் உழைப்புக்குரிய விலையை மனமுவந்து கொடுப்போம்.